நல்லர்பார் சாலையில் எங்கள் கேரவனும் டீசல் கரியும்

கேரவன் (வண்டிக்குப் பின்னால் கோத்து இழுக்கும் வீட்டுப் பெட்டி) இழுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியைக் கடக்கக் கிளம்புகிறவர்கள் டயர் பார்ப்பார்கள், பிரேக் பார்ப்பார்கள், தண்ணீர் டாங்க் நிரம்பியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். புகைக்குழாயை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் அதையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் அடிலெய்டிலிருந்து பெர்த்துக்குப் போனது ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில். நான், மனைவி, மகள். எங்கள் வண்டி 2011 மாடல் டீசல் ஃபோர் வீல் டிரைவ். பின்னால் சாமான்களோடு இரண்டரை டன் வரும் வெள்ளைக் கேரவன். போர்ட் அகஸ்டாவில் தொடங்கி நார்ஸ்மன் வரை 1,660 கிலோமீட்டருக்குப் போகிறது ஐர் நெடுஞ்சாலை. 1841இல் இந்தக் கரையோரமாகவே மேற்கே போன எட்வர்ட் ஜான் ஐரின் பெயர்தான் சாலைக்கு. அவரோடு கடைசி வரை துணைக்கு இருந்து, தண்ணீர் இல்லாத அந்த நிலத்தைத் தாண்டியவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். முழுச் சாலைக்கும் தார் போட்டு முடித்தது 1976இல்தான்.

செடுனா வரை ஒன்றும் தெரியவில்லை. பெனாங் ஊரின் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு யலாட்டா தாண்டியதும் மேற்கிலிருந்து காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்தது. குளிர்காலத்தில் இந்தப் பக்கம் இது சகஜம். எதிர்காற்றில் உயரமான பெட்டியை இழுப்பது மேடு ஏறுவதற்குச் சமம், மேடு மட்டும் முடியவே முடியாது. ஆக்ஸிலேட்டரை மிதித்த கால் மிதித்தபடியே இருந்தது. நூறு கிலோமீட்டருக்குப் பதினெட்டு லிட்டர் குடித்துக்கொண்டிருந்த வண்டி இருபத்து மூன்றைத் தொட்டது.

ஹெட் ஆஃப் பைட்டில் திமிங்கிலம் பார்க்க நிறுத்தினோம். தெற்குத் திமிங்கிலங்கள் குட்டி ஈன வரும் காலம் அது. தாயும் குட்டியுமாகக் கரைக்கு அவ்வளவு பக்கத்தில் மிதப்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்த மரப்பாதையை விட்டு வர மனசு வராது. ஒருவழியாகத் திரும்பி வந்தபோதுதான் கேரவனின் வலது முன் மூலை கண்ணில் பட்டது. பெட்டி முழுக்கப் புழுதிச் சிவப்பு. அந்த மூலை மட்டும் சாம்பலும் கறுப்புமாக, கீழே அடர்ந்து மேலே போகப்போக மெலிந்து, ஜன்னல் உயரம் வரை ஏறியிருந்தது.

விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். புழுதியாக இருந்தால் பொடியாக உதிரும். இது உதிரவில்லை, இழுத்த பக்கமெல்லாம் இழுகியது. விரல் நுனியில் மை மாதிரி நின்றது. சட்டையில் துடைத்தும் ரேகைக்குள் கறுப்பு போகவில்லை. முகர்ந்தால் டீசல் வாடை.

எரியாமல் மிஞ்சிய கார்பன்தான் டீசல் கரி. மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, மேலே எரிபொருள், எஞ்சின் ஆயில் இவற்றின் பிசுக்கையும் சுமந்து வருகின்றன. அதனால்தான் ஒட்டிக்கொள்கிறது. அரிக்கேன் விளக்கில் திரியை ஏற்றிவிட்டால் சிம்னி கறுத்துப்போகும் இல்லையா, அதே சங்கதிதான் எஞ்சினுக்குள்ளும்: எண்ணெய் அதிகம், காற்று போதாது. பாரம் இழுக்கும்போது எஞ்சின் டீசலை அள்ளி ஊற்றுகிறது, அதற்கு ஈடான காற்று உள்ளே வராவிட்டால் கார்பன் எரியாமலே வெளியே வந்துவிடுகிறது.

சரி, வெளியே வந்த புகை காற்றோடு போகாமல் கேரவன் மேல் ஏன் படிய வேண்டும்? ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். வண்டிக்கும் கேரவனுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் காற்று நேராகப் போகாமல் சுழலும். எங்கள் புகைக்குழாய் வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் முடிகிறது. அங்கே வரும் புகையைச் சுழல் உள்ளே இழுத்து, கேரவனின் முன்முகத்தில் அறைந்துவிட்டுத்தான் விடுகிறது. பக்கக்காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. மேற்கே போகும்போது எங்களுக்கு வலப்பக்கம் வடக்கு. கடல் பக்கமிருந்து தெற்குக் காற்று அடித்தால் புகை வெளிப்பக்கம் போய்விடும், பெட்டி சுத்தமாக இருக்கும். வடக்குக் காற்று அடித்தால் புகை அப்படியே பெட்டியின் முகத்துக்குத் திரும்பும்.

கழுவிவிடலாம் என்றால் தண்ணீருக்கு எங்கே போவது? இந்தச் சாலையில் ரோட்ஹவுஸ்களுக்கே தண்ணீர் அரிது. நிலத்தடி நீர் உப்பு. டீசல் கிடைக்கும், படுக்க இடம் கிடைக்கும், கேரவன் டாங்க் நிரப்பத் தண்ணீர் கேட்டால் இல்லை என்று பலகையே வைத்திருப்பார்கள். அது நியாயம்தான். நாங்கள் சுமந்து வந்த தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். அதில் கேரவனைக் குளிப்பாட்ட மனசு வராது.

அன்று சாயங்காலம் நல்லர்பார் ரோட்ஹவுஸ் பக்கத்தில் ஒரு ஸ்பிரே பாட்டில் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டு விட்டு வேலையை முடித்தேன். முதலில் தெளித்து ஊறவிட வேண்டும். காய்ந்த கரியைத் துணியால் தேய்க்கவே கூடாது, கரியோடு கலந்திருக்கும் மணல் பெயின்ட்டைக் கீறிவிடும். ஊறியபின் மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அடுத்த இழுப்புக்குத் துணியின் புதுப் பக்கம். வட்டமாகத் தேய்த்தால் கரி இடம் மாறுமே தவிரப் போகாது. கிளம்புவதற்கு முன் மெழுகு போட்டிருந்த முன்முகத்தில் கரி வழுக்கிக்கொண்டு வந்தது. மெழுகு போடாத பக்கவாட்டில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஸ்டிக்கர் ஓரம், ஜன்னல் ரப்பர், சிலிக்கான் பூசிய மூட்டு ஆகிய இடங்களில் பழைய பல்துலக்கும் பிரஷ்தான் உதவியது.

ஜன்னல்களில் கவனம் தேவை. கேரவன் ஜன்னல் பெரும்பாலும் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். கரி போகவில்லையே என்று மெத்திலேட்டட் ஸ்பிரிட்டோ தின்னரோ தொட்டுத் துடைத்தால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்கள் விழும், அப்புறம் ஜன்னலையே மாற்ற வேண்டியதுதான். சோப்புத் தண்ணீர் போதும்.

அந்த இரவு இன்னொரு வேலையும் இருந்தது. பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியில் காய், பழம், தேன் எதையும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். கறிவேப்பிலையும் போகாது. மிச்சமிருந்த முருங்கைக்காய், கத்தரிக்காய் எல்லாவற்றையும் மனைவி சாம்பாராக்கினாள். ஊர் பேர் இல்லாத அந்த வெட்டவெளியில், அடிக்கிற குளிரில், சுடச்சுட முருங்கைக்காய் சாம்பார். அதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

சாப்பிட்டுப் படுக்கப் போன மகள்தான் சொன்னாள்: “அப்பா, என் தலையணையில புகை வாடை வருதுப்பா.”

வெளியே படிந்தது எனக்குச் சுத்தம் செய்யும் வேலையாக மட்டும்தான் தெரிந்தது. இது வேறு. ஆஸ்திரேலியக் கேரவன்களில் கேஸ் அடுப்பு இருப்பதால் தரைமட்டத்தில் நிரந்தரக் காற்றுத் துளைகள் இருக்கும், பெரும்பாலும் கதவின் அடிப்பகுதியில். ஓடும்போது பெட்டிக்குள் அழுத்தம் குறைந்தால் இந்தத் துளைகள் வழியே புழுதியும் புகையும் உள்ளே வரும். துளை வலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன், கறுப்பு நூலாம்படை போலத் தொங்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் டீசல் புகையை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே வகை. பிள்ளை முகம் வைத்துத் தூங்கும் இடத்தில் அது படிவதை எப்படி விட முடியும்? தலையணை உறை, போர்வை எல்லாம் மாற்றினோம். படுக்கைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, ஓடும் நேரம் முழுக்க அப்படியே மூடி வைத்தோம்.

காற்றுத் துளைக்கு ஓடும்போது மட்டும் மூடி போட்டோம். வண்டி நின்றதும் முதல் வேலை அந்த மூடியைக் கழற்றுவது. அதை மறந்து அடுப்பையோ ஹீட்டரையோ பற்றவைத்தால் உயிருக்கே ஆபத்து. மகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தோம், ஒரு தடவையும் தவறவில்லை. கூரையில் முன்பக்கம் பார்த்தபடி ஃபில்டர் உள்ள காற்றுத் திறப்பு (ஹேட்ச்) வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஓடும்போது மேலேயிருந்து சுத்தக் காற்று உள்ளே தள்ளப்பட்டு, பெட்டிக்குள் அழுத்தம் கூடிவிடுவதால் கீழேயிருந்து புகை நுழையாது. ஊர் திரும்பியதும் எங்கள் கேரவனுக்கும் ஒன்று வைத்தோம்.

ஆனால் கரி ஏன் இவ்வளவு வருகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது. பார்டர் வில்லேஜில் ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். புழுதி இருந்தது, அடைத்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை. யூக்லாவில் 1877இல் திறந்த பழைய தந்தி நிலையம் மணலுக்குள் பாதி புதைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, கீழே ரோ சமவெளியில் நீண்ட நேரம் ஓட்டினோம். யூக்லா பக்கத்து மக்கள் பெர்த் நேரத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் முன்னால் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். மூன்று கடிகாரங்களில் எதை நம்புவது என்று மனைவிக்கும் மகளுக்கும் வழி முழுக்க விவாதம்.

மதுரா கணவாயில் சாலை மேட்டில் ஏறுகிறது. பெரிய மலை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டரை டன்னோடு ஏறும்போது வண்டி திணறியது. அப்போது ஓட்டுநர்கள் ஒருவரோடொருவர் பேசும் ரேடியோவில் நாற்பதாம் சேனலில் குரல் வந்தது. பின்னால் வந்த ரோடு டிரெயின் (பல டிரெயிலர்களைக் கோத்து இழுக்கும் லாரி) ஓட்டுநர். “முன்னால போற வெள்ளைக் கேரவன், உன் வண்டி ரொம்பக் கரும்புகை விடுது நண்பா. டர்போ பைப் எல்லாம் ஒரு பார்வை பாரு” என்ற பொருளில் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறியதும் ஓரம் கட்டினேன். ஹாரன் அடித்துக்கொண்டு அவர் கடந்து போனார்.

பானட்டைத் திறந்து, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களை டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். இரண்டாவது ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் ஓரத்தில் கை வைத்தால் பிசுபிசுப்பு. துடைத்துவிட்டு ஹோஸை வளைத்ததும் வாய் திறந்தது ஒரு வெடிப்பு, சுண்டுவிரல் நீளம். சும்மா இருக்கும்போது மூடிக்கொள்கிறது. டர்போ அழுத்தம் ஏறும்போது திறந்து காற்றை வெளியே விடுகிறது. வெளியே போன காற்றையும் சேர்த்து அளந்துதான் கம்ப்யூட்டர் டீசலைக் கொடுக்கிறது. எண்ணெய் அதிகம், காற்று போதாது என்ற கணக்கு அங்கேதான் பிசகியிருக்கிறது. இழுவை குறைந்ததற்கும் டீசல் கூடுதலாகக் குடித்ததற்கும் எதிர்காற்று மட்டும் காரணமில்லை.

தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப் ஒன்று டூல் பெட்டியில் இருந்தது. ஹோஸை பிரேக் கிளீனரால் பிசுக்கு போகத் துடைத்து, டேப்பை நன்றாக இழுத்து இழுத்து ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றி, கிளாம்பை நகர்த்தி இறுக்கினேன். இது தற்காலிக வேலைதான். அதனால் வேகத்தைத் தொண்ணூறுக்கு மேல் விடவில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், எனவே நூறுக்கும் தொண்ணூறுக்கும் உள்ள வித்தியாசம் எஞ்சினுக்குப் பெரியது.

காக்கிள்பிடி, கைகுனா. அதற்கப்புறம் ஒரு வளைவுகூட இல்லாத 146.6 கிலோமீட்டர் நேர்ச்சாலை, பல்லடோனியா பக்கம் வரை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன், பின்னால் கறுப்பு எதுவும் கிளம்பவில்லை.

பல்லடோனியாவில் பக்கத்தில் நின்ற தம்பதியிடம் இதே பேச்சு. அவர்களுடையது டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி உள்ள புது டீசல். தேன்கூடு மாதிரித் துளைகள் உள்ள செராமிக் வடிகட்டி கரியைப் பிடித்துவைத்து, அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2013 நவம்பரிலிருந்து புது மாடல்களுக்கும், 2016 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் யூரோ 5 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமாக்கப்பட்டது. கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமாக இருந்த கரி வரம்பு யூரோ 5இல் 5க்கு இறங்கியது. அவர்கள் கேரவன் முகம் பளிச்சென்று இருந்தது. கேரவன் இழுப்பதால் புகை சூடாகவே இருந்து வடிகட்டி தானாகச் சுத்தமாகிறதாம். ஒரே எச்சரிக்கை: அது எரியும் நேரத்தில் காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. டிபிஎஃப்-ஐக் கழற்றி எறிந்துவிட்டால் இழுவை கூடும் என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம், பின்னால் வருகிறவர்கள் மூக்கில் நம் புகையை ஏற்றுவதும்கூட. எஞ்சினுக்கு சிப் போட்டு டீசலைக் கூட்டுவதையும் எனக்குப் பிடிக்கவில்லை.

நார்ஸ்மனில் எங்கள் வண்டிக்கு ஹோஸ் கையிருப்பில் இல்லை. கால்கூர்லியில் கிடைத்தது. பழையதைக் கழற்றிய மெக்கானிக் நான் சுற்றிய டேப்பை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். புது ஹோஸ், நான்கு கிளாம்ப், கூடவே புது ஏர் ஃபில்டர். அங்கிருந்து பெர்த் வரை மறுபடியும் பதினெட்டு லிட்டர்தான், எதிர்காற்று இருந்த நாளில் இருபது. டூல் பெட்டியில் இப்போது சிலிக்கான் டேப் இரண்டு உருளை இருக்கிறது. கிளம்பும் நாளில் எஞ்சின் ஆறிய பிறகு அந்த ஹோஸ்களை ஒரு தடவை கையால் தடவிப் பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலை.