வேலைக்குப் போகாதவர் என்று எழுதப்பட்டவர்கள்

விழுப்புரத்தில் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தி வருகிறேன். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பக்கத்திலேயே போவதால் எம்.சி.ஓ.பி. எனப்படும் விபத்து இழப்பீட்டு மனுக்களின் கட்டுகளுக்கு எங்கள் அலுவலகத்தில் குறைவே இருந்ததில்லை. சட்டக் கல்லூரியில் தீங்கியல் சட்டம் (டார்ட்ஸ்) நடத்தியபோது கவனக்குறைவு பற்றித்தான் அதிகம் பேசினார்கள்: ஒருவருக்கு இருந்த கடமை, அதை மீறியது, அதனால் விளைந்த சேதம். தொழிலுக்கு வந்த பிறகு பார்த்தால், தப்பு யார் மேல் என்பது பல வழக்குகளில் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இறந்துபோனவரின் உழைப்புக்கு மாதம் எவ்வளவு போடுவது என்பதில்தான் வாய்தா மேல் வாய்தா ஓடுகிறது.

தப்பு யாருடையது என்பதற்கு ஓரளவாவது காகிதம் இருக்கும். எஃப்.ஐ.ஆர்., விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜர், அந்த இடத்தின் ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. குற்ற வழக்கில் டிரைவர் விடுதலையாகிவிட்டார், இனி ஒன்றும் கிடைக்காது என்று சோர்ந்துபோய் வரும் குடும்பங்களுக்கு 1980ஆம் ஆண்டின் என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கைச் சொல்வேன். இரவில் ஒரு பேருந்து, தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். நடந்தது தெய்வச் செயல் என்று குற்ற வழக்கில் டிரைவர் விடுவிக்கப்பட்டார். இழப்பீட்டு வழக்கை அந்த விடுதலை கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றம். அங்கே கொஞ்சம் சந்தேகம், இங்கே கொஞ்சம் தெளிவில்லை என்று பொறுப்பாளிகளைத் தப்பவிடக் கூடாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் சுமை குற்ற வழக்குக்குத்தான் உண்டு. இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் எங்கள் தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்போ அது போதும்.

வருமானத்துக்குத்தான் காகிதம் இருக்காது. கட்சிக்காரர்கள் கொண்டுவரும் பையில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஒழுங்காக இருக்கும். "என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டால், மனைவியை இழந்த கணவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே பதிலைச் சொல்வார்கள். "வேலைக்கெல்லாம் போகல வக்கீலம்மா, வீட்லதான் இருந்தா." அழுதுகொண்டேதான் சொல்கிறார்கள். அதை அப்படியே மனுவில் எழுதினால் அங்கேயே பாதி வழக்கு போய்விடுகிறது.

கணக்கைப் பார்த்தால் புரியும். 34 வயதுப் பெண் ஒருவர். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 10,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றால், எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 14,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 10,500. ஆண்டுக்கு 1,26,000. இந்த ஆண்டுத் தொகையை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும்; உச்ச நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுவரை அந்தப் பெருக்கெண் 16. ஆக 20,16,000 ரூபாய். அந்த 10,000 என்பது 9,000 ஆனால், பிள்ளைகளுக்குப் போகவேண்டிய தொகையில் 2,01,600 ரூபாய் குறைகிறது. அந்த ஓர் ஆயிரத்துக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று வாதாடலாம் என்பேன்.

அதனால் மனு எழுதும் முன் கேள்விகளை மாற்றிக் கேட்பேன். காலையில் முதலில் எழுந்தது யார்? மாட்டைக் கறந்தது யார், புல் அறுத்து வந்தது யார், மாமியாரைக் குளிப்பாட்டியது யார், களையெடுக்கப் போனது யார்? எல்லாவற்றுக்கும் அவள் பெயர்தான் வரும். அப்புறம் காகிதங்களைத் தேடுவோம். பால் சொசைட்டி அட்டை கணவர் பெயரில் இருக்கும்; விபத்து நடந்த மாதத்துக்குப் பிறகு ஊற்றிய பாலின் அளவு குறைந்திருப்பதை அந்த அட்டையே காட்டும். மகளிர் சுய உதவிக் குழுவின் பாஸ் புத்தகத்தில் மாதத் தவணை தவறாமல் கட்டியிருப்பார். வருமானம் இல்லாதவர் தவணை கட்டுவது எப்படி? நூறு நாள் வேலை அட்டையும் இருக்கும். இவற்றைச் சான்றாவணமாகப் போடலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தோன்றுவதே இல்லை.

சட்டமும் இந்த இடத்துக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் வருமானத்தைக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்திருந்தது. என்ன அடிப்படையில் மூன்றில் ஒன்று? எனக்கு இன்றும் அது நியாயமாகப் படவில்லை. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அளித்த தீர்ப்பு ஒன்றை ஜூனியர்களுக்கு முதலில் படிக்கக் கொடுப்பேன். இல்லத்தரசியின் உழைப்பை மதிப்பிட மூன்று வழிகளை அது எடுத்துவைத்து ஆராய்கிறது. வீட்டில் இராமல் வேலைக்குப் போயிருந்தால் அவர் என்ன சம்பாதித்திருப்பார் என்று பார்க்கலாம். இல்வாழ்க்கையைச் சம கூட்டாகக் கொண்டு கணவர் சம்பளத்தில் பாதியை எடுக்கலாம். அவர் செய்த வேலைகளுக்குக் கூலி ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிடலாம். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அருண் குமார் அகர்வால் வழக்கில் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டியது. 2021இல் கீர்த்தி வழக்கில், இல்லத்தரசிக்கும் எதிர்கால உயர்வைச் சேர்க்க வேண்டும் என்பதும் உறுதியானது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்ற 2019ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பும் அந்தத் தீர்ப்பில் வருகிறது.

ஆனால் தீர்ப்புகளின் நகலைக் கொடுத்துவிட்டால் மட்டும் சாட்சிக் கூண்டில் வேலை முடிந்துவிடாது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "இறந்தவரின் வருமானத்தைக் காட்ட ஆவணம் எதுவும் தாக்கல் செய்யவில்லை என்றால் சரிதானே?" அவர் தன் கட்சிக்காரருக்காகக் கேட்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணவர் தலையைக் குனிந்து "சரிதான்" என்பார். அந்த ஒரு சொல் பதிவேறியதும் மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் என்று இறங்கிவிடும் ஆபத்து வந்துவிடுகிறது.

அதற்காகவே பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரையாவது சாட்சியாகக் கூப்பிடுவேன். வயலில் கூடவே நாற்று நட்டவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அண்மையில் ஒரு வழக்கில் வந்த அம்மா, "மனுதாரருக்கு உதவுவதற்காகப் பொய் சொல்கிறீர்கள்" என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்டதும் கொஞ்சமும் தயங்கவில்லை. "அவ போனப்புறம் அந்த மாடு ரெண்டையும் வித்துட்டாங்கய்யா. கறக்க ஆளில்ல. வேணும்னா ஊர்ல வந்து கேட்டுப் பாருங்க" என்றார். மாடு விற்ற விஷயம் எங்கள் மனுவிலேயே இல்லை. கணவர் அதைச் சொல்லத் தோன்றாமல் விட்டிருந்தார். அன்றைக்கே அவரை மறுபடி உட்காரவைத்து, மாட்டை யாரிடம் எப்போது விற்றார் என்று எழுதி வாங்கினோம். வாங்கியவரையும் சாட்சியாக அழைக்க மனுப் போட்டோம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்று சொல்கிறது. அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கடனை அடைத்து, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று முடிவாகி, அதன் பிறகுதான் வக்கீலைத் தேடி வருகிறார்கள். அவர்கள் வரும் முதல் நாளே பாதிக் கெடு போயிருக்கும். தெரிந்த வீட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால், எஃப்.ஐ.ஆர். நகலோடு பால் அட்டை, குழுப் பாஸ் புத்தகம், அரிசிக் கடைப் பற்றுச்சீட்டு எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். விற்ற மாட்டுக்கும் ஒரு சீட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.