கீழக்கரையில் கல் பள்ளிவாசல், தொதல், ஒரு ஆட்டோ

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்கு பஸ்ஸில் வந்த காசைப் போலப் பல மடங்கை, ஊருக்குள் ஒரு சின்னத் தூரத்துக்கு ஆட்டோவில் பிடுங்கிவிட்டார்கள். நூற்றைம்பது ரூபாய்! தயவுசெய்து நடந்தே போங்கள். போதாக்குறைக்கு, "அந்தப் பழைய பள்ளிவாசல் கோயில் மண்டபம் மாதிரில்ல இருக்கும் சார். புதுசா ஒண்ணு இருக்கு, பெரிய மினாரா, பச்சைக் கும்மட்டம். இன்னும் ஒரு நூறு குடுங்க, காட்டுறேன்" என்றார் ஆட்டோக்காரர்.

கோயில் மண்டபம் மாதிரி இருப்பதைப் பார்க்கத்தானே வந்தேன்!

இந்தக் கல் பள்ளிவாசல் 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி எழுப்பியது என்பார்கள். சேதுபதி மன்னருக்கு நெருக்கமானவர், உமறுப் புலவரை ஆதரித்தவர். உள்ளே வரிசையாகக் கல் தூண்கள், மேலே பொதிகைகள் (தூண் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் கற்கள்), அதன்மேல் தட்டையான கல் கூரை. யாளியும் இல்லை, தெய்வ உருவமும் இல்லை. அந்த இடத்தில் பூவும் கொடியும் கட்டங்களும். உளி நம்மூர் சிற்பிகளுடையது, உருவம் வேண்டாம் என்ற கட்டுப்பாடு மார்க்கத்தினுடையது. தூணை அண்ணாந்து பார்த்தபடி நான் நின்றுகொண்டே இருக்க, "உட்காருங்க தம்பி, தொழுகைக்கு இன்னும் நேரமிருக்கு" என்றார் ஒரு காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள்).

அப்புறம் தொதல். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டுக் கிண்டிக் கிண்டி எடுக்கிற இனிப்பு. விலையைக் கேட்டுக் கால் கிலோ என்று ஆரம்பித்தவன், ருசி பார்த்ததும் அரைக் கிலோ வாங்கிவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக் காசு அதிலேயே போயிற்று. போகட்டும்.

சரி, ஆட்டோக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கும்மட்டமும் மினாராவும் இருந்தால்தான் பள்ளிவாசலா? மதீனாவில் நபிகள் நாயகம் கட்டிய பள்ளிக்குப் பேரீச்ச மரத் தூண், ஓலைக் கூரை, மண் கல் சுவர். மினாரா எல்லாம் பின்னால் ஆண்ட உமய்யா கலீஃபாக்கள் காலத்தில் வந்து சேர்ந்தது. இஸ்தான்புல்லில் பெரிய கும்மட்டங்கள் எழுந்தால், கண்ணெதிரே பைசாந்தியர்கள் கட்டிய ஹாகியா சோஃபியா என்ற பழைய கும்மட்டத் தேவாலயம் நின்றதும் ஒரு காரணம். மக்காவைப் பார்த்த சுவர், அதில் திசை காட்டும் மாடமான ஒரு மிஹ்ராப், ஒளு செய்ய (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவ) தண்ணீர், வரிசையாக நின்று தொழ இடம். இது இருந்தால் போதும். மிச்சத்தை அந்தந்த ஊர்க் கல்லும் கொத்தனும் முடிவு செய்வார்கள். கீழக்கரைக்காரர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்பே அதைச் செய்துவிட்டார்கள். எங்கோ பார்த்த படத்தைக் காட்டி கான்கிரீட்டில் கும்மட்டம் ஊற்றக் காசு சேர்க்கிற பள்ளிவாசல் கமிட்டிகள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இங்கே ஒரு நடை வந்து போகட்டும்.