பக்கத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தவன்

அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தாலே, "சித்தி, தலை வலிக்கிறது" என்பான். சோம்பல் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் அருகில் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு சொல்லையும் வாசித்தவுடன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். சரியா தவறா என்ற தீர்ப்புக்காக அவன் காத்திருந்தான். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவன் மனதில் ஏறவே இல்லை.

வாசிப்பை வெறுக்கும் பிள்ளைகளில் பலர் உண்மையில் வெறுப்பது அந்தத் தீர்ப்பைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே முதல் வேலையாகத் திருத்துவதை நிறுத்தினேன். சொல்லவே முடியாத அளவுக்குக் கடினமாக இருந்தது அது. அவன் தடுமாறினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். அதற்குள் வரவில்லை என்றால் அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லிவிட்டு மேலே போவோம். "இதற்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்வியே கிடையாது.

அடுத்தது புத்தகத்தின் கடினம். அவன் பாடநூலில் ஒரு பக்கத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நூறு சொற்களில் பதினேழு அவனுக்குத் தெரியவில்லை. யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு பகுதியைப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்று, சொல்வளத்தைப் பற்றி ஆராய்ந்த பால் நேஷன் போன்ற மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். பதினேழு இடத்தில் தடுக்கி விழுபவனிடம் ஆர்வத்தை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

இரண்டு வகுப்பு கீழே உள்ள புத்தகத்தைக் கொடுத்தேன். "இது சின்னப் பிள்ளைகள் படிப்பது" என்று தள்ளிவிட்டான். அவன் சொன்னது சரி. வாக்கியம் எளிதாக இருக்க வேண்டும்; ஆனால் விஷயம் அவன் வயதுக்குரியதாக இருக்க வேண்டும். கடல் விலங்குகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று கைகொடுத்தது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள், அதன் இரத்தம் நீலம் என்று இரண்டே குட்டி வாக்கியங்கள். வாசித்து முடித்தவன் புத்தகத்தோடு எழுந்து ஓடி அவன் அப்பாவிடம் தமிழில் சொன்னான். ஆங்கிலத்தில் சொல் என்று நான் கேட்கவில்லை. படித்தது புரிந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. அதே புத்தகத்தை அவன் நான்கு முறை வாசித்தான். வேறு புத்தகம் எடு என்று யாரும் வற்புறுத்தாதீர்கள். நான்காவது முறைதான் அவன் குரலில் தடங்கல் குறைந்தது.

எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. தமிழில் 'ப', 'டு' என்றால் எழுத்தின் பெயரே ஒலியும்கூட. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'டபிள்யூ' என்ற பெயரைக் கேட்டு அது 'வ' என ஒலிக்கும் என்று ஒரு குழந்தை எப்படி ஊகிக்கும்? 26 எழுத்துகளைக் கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளை எழுதும் மொழி அது. ஆகவே எழுத்துகளின் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒலிகளை மட்டும் சொல்லிச் சேர்க்கப் பழக்கினேன்.

ஒரு நாள் வீரனைக் குறிக்கும் 'நைட்' (knight) என்ற சொல்லை 'க்நைட்' என்று வாசித்துவிட்டுத் தலைகுனிந்தான். பழைய காலத்து ஆங்கிலேயர்கள் அந்தக் 'க்' ஒலியை உண்மையாகவே உச்சரித்தார்கள் என்று சொன்னேன். 1476இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் வந்தது. அச்சில் எழுத்துகள் மெல்ல நிலைபெற்றுவிட்டன, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போயிற்று. "அப்படியென்றால் தப்பு என்னுடையது இல்லையா?" என்று கேட்டான். இல்லவே இல்லை என்றேன்.

தினமும் பதினைந்து நிமிடம் போதும். இருவரும் சேர்ந்தே குரலெடுத்து வாசிப்போம். தனியாக வாசிக்கத் துணிவு வந்தால் என் கையைத் தட்டுவான், நான் நிறுத்திவிடுவேன். முதல் மாதத்தில் அபூர்வமாகத் தட்டினான். மூன்றாம் மாதத்தில் முதல் வரியிலேயே தட்டினான். படம் பார்க்கும்போது ஆங்கில எழுத்துவரிகளை ஓடவிடுவதும் ஓரளவு உதவுகிறது.

மாதக்கணக்கில் இப்படிச் செய்தும் எழுத்துகள் குழம்பினால் முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். பிறகு டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ளதா என்று வல்லுநரிடம் காட்டுங்கள். அதற்கெனத் தனிப் பயிற்சி முறைகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளையைத் திட்டித் திட்டிக் காலத்தைக் கடத்துவது பெரிய கொடுமை.

அவன் மதிப்பெண் இன்னும் பெரிதாக ஏறிவிடவில்லை. ஆனால் தானாகவே ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறான். 'த்ரூ', 'தோ', 'டஃப்', 'காஃப்' ஆகிய நான்கு சொற்களும் ஓ, யூ, ஜி, எச் என்ற அதே நான்கு எழுத்துகளில்தான் முடிகின்றன என்று கண்டுபிடித்த நாளில் அதைத் தொடங்கினான். 'ஏமாற்றும் சொற்கள்' என்று அட்டையில் எழுதியிருக்கிறான். இதுவரை 31 சொற்கள் சேர்ந்திருக்கின்றன.