தலைக்கு ஒரு நேரம், காலுக்கு ஒரு நேரம்

நிற்கும்போது நம் தலைக்கு நேரம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, காலுக்கு மெதுவாக. கிண்டல் இல்லைங்க! 2010-ல் அமெரிக்காவில் இரண்டு அணுக் கடிகாரங்களில் (அணுவின் அதிர்வை வைத்து நேரம் காட்டும் துல்லியமான கடிகாரங்கள்) ஒன்றை வெறும் 33 செ.மீ. உயர்த்தி வைத்தார்கள். மேலே இருந்தது முந்தியது. பூமியை விட்டு விலக விலக நேரம் வேகமெடுக்கும்.

ஆனால் வேகமாகச் சுற்றினால் நேரம் மெதுவாகும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு இரண்டும் உண்டு. சுமார் 20,200 கி.மீ. உயரத்தால் நாளுக்கு 45 மைக்ரோ விநாடி வரவு, ஓடும் வேகத்தால் 7 செலவு. மிச்சம் 38. பிசாத்து, இல்லையா? ஆனால் சிக்னல் வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் ஜி.பி.எஸ். நம் இடத்தைக் கணக்கிடுகிறது; அந்த 38 மைக்ரோ விநாடிக்குள் ஒளி 11 கி.மீ. போய்விடும்! அதனால் அந்தக் கடிகாரத்தை வேண்டுமென்றே ஒரு துளி மெதுவாக ஓடும்படி வைத்துத்தான் ஏவுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது 1977 கதை. ஜி.பி.எஸ். சோதனைக்காக ஒரு செயற்கைக்கோள். கடிகாரத்தைத் திருத்தும் கருவி உள்ளே இருந்தும் 20 நாள் அணைத்தே வைத்திருந்தார்கள். கடிகாரம், இதையெல்லாம் முன்பே சொன்ன ஐன்ஸ்டைன் கணக்குப்படியே முந்தியது. அப்புறம்தான் சுவிட்சைப் போட்டார்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் கதை தலைகீழ். உயரம் 400 கி.மீ.தான், வேகம் ஜெயித்துவிடும். ஆறு மாதம் தங்கி இறங்குபவர் நம்மைவிட சுமார் 0.005 விநாடி இளையவர்.