பக்கத்து நாற்காலிச் சிரிப்பு: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 1, 2022, செவ்வாய்

காலை ஐந்து மணி ஷிஃப்ட். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து இடது கையை நீட்டினேன். தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடத்தை ஃபிஸ்துலா என்கிறார்கள். அங்கே விரல் வைத்தால் மடியில் தூங்கும் பூனையைத் தொட்டதுபோல ஓர் அதிர்வு. அது இருக்கும்வரை ரத்தம் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். ஏழு மாதமாகத் தினமும் கண் விழித்ததும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

இன்று ஊசி குத்தியதே தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டக் கூடாது என்று டெக்னீஷியன் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பு நிற்கவில்லை. அப்புறம் போனை என் பக்கம் திருப்பி, "இவனைத் தெரியுமா? எங்க ஏரியா பையன்" என்றார்.

ஜார்ஜ் லோபஸ். மேடையிலும் டிவியிலும் சிரிக்க வைக்கும் நகைச்சுவைக் கலைஞர். பெயர் தெரியும், பார்த்ததில்லை.

பக்கத்து நாற்காலிக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். லோபஸ் படித்த அதே சான் ஃபெர்னாண்டோ உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நான்கு மணி நேரத்தில் கதை முழுவதும் வந்துவிட்டது. லோபஸ் பிறந்தது 1961ல், நாங்கள் இருக்கும் இதே லாஸ் ஏஞ்சலஸ் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் மிஷன் ஹில்ஸில். நான் தினமும் காரில் கடந்துபோகும் ஊர். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார். பத்து வயதில் அம்மாவும் போய்விட்டார். வளர்த்தது பாட்டி பெனிட்டாவும் தாத்தா ரெஃபுகியோவும். பாட்டி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தாத்தா கட்டடத் தொழிலாளி. கொஞ்சுகிற வீடு இல்லை. அந்தப் பாட்டியைத்தான் இவர் மேடையில் நிற்க வைத்து உலகத்துக்கே காட்டினார்.

"அது அவன் பாட்டி இல்லை, என் பாட்டி" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். இந்தப் பள்ளத்தாக்கில் பலபேர் அப்படித்தான் சொல்வார்களாம்.

நவம்பர் 2, புதன்

லோபஸின் சுயசரிதை நூலகத்தில் கிடைத்தது. 2004ல் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஏன் அழுறே?' பாட்டியின் கேள்வி அது. பதிலுக்காகக் கேட்பதில்லை. அழுகையை நிறுத்தாவிட்டால் அடுத்த அடி தயாராக இருக்கிறது என்று பொருள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதாவது அழலாம், கேட்கலாம், கேட்டால் கிடைக்கும். அந்த வீட்டில் அழுத பிள்ளைக்குக் கிடைத்தது வேறு. அப்படி வளர்ந்த பையன் தன் வலியை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வான்? ஊரைக் கூட்டி, விளக்கைப் போட்டு, மைக்கைப் பிடித்துச் சொன்னான். பாட்டியின் குரலிலேயே சொன்னான், அவர் நடையையும் அந்தப் பார்வையையும் சேர்த்து. கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர்கள் எல்லாருடைய வீட்டிலும் அதே குரல் இருந்ததால் சிரித்தார்கள். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று நாம் சொல்வது இதை இல்லை. இதில் மருந்தைவிட ஒப்புதல் வாக்குமூலம்தான் அதிகம். இப்படி நடந்தது, எனக்கு வலித்தது, உனக்கும் வலித்ததா? கேள்வி அவ்வளவுதான்.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. என் நோய் ஊரில் அம்மாவுக்குத் தெரியாது. "கொஞ்சம் பிபி" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 4, வெள்ளி

என்பிசி சேனலில் இன்று லோபஸின் புதுத் தொடர் ஆரம்பம். பெயர் 'லோபஸ் வெர்சஸ் லோபஸ்'. மகளாக நடிப்பது அவருடைய சொந்த மகள் மாயன். விவாகரத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் நிஜமாகவே விலகியிருந்தார்கள். அந்த விலகலையே கதையாக எடுத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து மகள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கிறாள். எங்கள் மகள் சோபாவில் என் வலது பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். இடது பக்கம் அவள் உட்காருவதில்லை, கை பட்டுவிடுமோ என்று பயம்.

இடையில் மனைவி போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "என்னங்க, இவருக்குக் கிட்னி கொடுத்தது இவர் மனைவிதானாமே" என்றாள்.

ஆமாம். 2005 ஏப்ரலில். மனைவி ஆன் கொடுத்தார்.

நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

நவம்பர் 8, செவ்வாய்

விடிவதற்கு முன் சந்திர கிரகணம். இங்கே ஒரே மேகம், அப்புறம் கொட்டும் மழை. இன்று தேர்தலும். சென்டருக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்.

பக்கத்து நாற்காலிக்காரர் இன்று சிரிக்கவில்லை. நடிகர் ஃப்ரெட்டி பிரின்ஸைப் பற்றிப் பேசினார். லோபஸ் பெயரைச் சொன்னால் இவர் பெயரையும் சொல்லியாக வேண்டும் என்றார்.

1974. என்பிசியில் 'சிக்கோ அண்ட் தி மேன்' தொடங்கிய வருடம். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பழைய கார் பட்டறை, எரிந்து எரிந்து விழும் வெள்ளைக்காரக் கிழவர், அவரிடம் வேலைக்கு ஒட்டிக்கொள்ளும் சிக்கோ. சிக்கோவாக நடித்த பிரின்ஸுக்கு அப்போது இருபது வயது. நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸில் வளர்ந்தவர், தாய் போர்ட்டோ ரிக்கோக்காரர். மெக்சிகோ வம்சாவளிக் கதாபாத்திரத்துக்குப் போர்ட்டோ ரிக்கோ பையனா என்று இங்கே எதிர்ப்புக்கூட நடந்தது. பக்கத்து நாற்காலிக்காரரின் மாமாவும் திட்டினாராம், ஆனால் ஒரு வாரம்கூடப் பார்க்காமல் விட்டதில்லையாம்.

"அதுக்கு முன்னாடி டிவியில எங்களை மாதிரி ஆள் வந்தா, ஒண்ணு கத்தி வச்சிருப்பான், இல்லைன்னா தோட்டத்துல தண்ணி ஊத்திட்டு இருப்பான். இவன் வந்து சிரிச்சான். எங்க வீட்டுல எல்லாரும் டிவி முன்னாடி போய் உட்கார்ந்தோம்."

அதே வருடம், அதே பள்ளத்தாக்கில், லோபஸுக்குப் பதின்மூன்று வயது. அவருக்கு பிரின்ஸ்தான் வழிகாட்டி என்பதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். சிரிக்க வைத்துப் பிழைக்கலாம் என்று ஒரு பையனுக்குத் தோன்ற வேண்டுமென்றால், தன் முகச்சாயலுள்ள ஒருவர் அதைச் செய்வதை அவன் ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். 1977 ஜனவரியில் பிரின்ஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். வயது 22. மகனுக்கு ஒரு வயது நிறையவில்லை. புகழ் உச்சியில் இருந்தபோது மன அழுத்தமும் போதையும் அவரைத் தின்றுகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு பெரிய சேனல்களில் ஒரு லத்தீனோ நடிகரை, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளி நடிகரை, நடுவில் வைத்து ஓடிய நகைச்சுவைத் தொடரை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிலைத்து ஓடிய ஒன்றைப் பார்க்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிவியில் லத்தீனோ குடும்பங்களே இல்லையே என்று ஹாலிவுட் நடிகை சாண்ட்ரா புல்லக் லோபஸைத் தேடிப்போய்க் கேட்டு, தானே தயாரிப்பாளராகவும் நின்றார். அந்தத் தொடரின் பெயரும் 'ஜார்ஜ் லோபஸ்'தான். ஏபிசி சேனலில் ஆறு சீசன், 120 அத்தியாயம். கதாநாயகன் விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். அவனுடைய அம்மா பென்னி, அந்தப் பாட்டியின் மறு உருவம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஏறக்குறையப் பாதிப்பேர் லத்தீனோக்கள். கேமராக்கள் இருக்கும் ஊரிலேயே பாதி ஊர் கேமராவுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது.

நவம்பர் 12, சனி

மோசமான நாள். உடம்பிலிருந்து இரண்டே முக்கால் கிலோ தண்ணீர் எடுத்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது, பிபி சரிந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் நர்ஸைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். வீட்டுக்கு வந்து மாலைவரை தூங்கினேன்.

நவம்பர் 15, செவ்வாய்

எனக்குத் தெரியாமலே மனைவி சிறுநீரக மாற்று சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்திருக்கிறாள். கொடையாளருக்கான முதல் கேள்வித்தாளை நிரப்பி அனுப்பியும் விட்டாள். முதலில் ரத்த வகை, அப்புறம் திசுப் பொருத்தம், இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர், இதயம், மனநல ஆலோசகரோடு பேச்சு. கொடையாளரின் நலனை மட்டும் பார்ப்பதற்கென்று தனியாக ஒருவரை நியமிப்பார்களாம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

சண்டை போட்டேன். நீயும் படுத்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? அவள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயில் வந்த அடுத்ததையும் சொன்னேன்: "அந்த லோபஸுக்கும் மனைவிதான் கொடுத்தாங்க. 2011ல விவாகரத்து ஆயிடுச்சு, தெரியுமா?"

"தெரியும்" என்றாள். "அதனால என்ன? அந்தம்மா கொடுத்தது கடன் இல்லையே, திருப்பிக் கேட்க. அவர் உயிரோட இருக்கார், பொண்ணோட சேர்ந்து நடிக்கிறார். போன வாரம் நாம பார்த்தோமே."

எனக்குப் பதில் வரவில்லை. உயிரோடு இருப்பவரிடம் வாங்கிய சிறுநீரகம் சராசரியாகப் பதினைந்து இருபது வருடம் உழைக்கும் என்கிறார்கள். லோபஸுக்குப் பதினேழு வருடம் ஆகிவிட்டது. பிரிந்த பிறகும் ஆன் கொடுத்த சிறுநீரகம் அவருக்குள் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. இது கசப்பான சங்கதி என்றே இதுவரை நினைத்திருந்தேன். இன்று இரவு அப்படித் தோன்றவில்லை.

நவம்பர் 19, சனி

பழைய பேட்டிகளைத் தேடிப் படித்தேன். சிறுநீரகங்கள் பழுதாகிக்கொண்டிருந்த அந்த சீசன் முழுவதும் லோபஸ் படப்பிடிப்புக்குப் போயிருக்கிறார். பிறவியிலேயே வந்த கோளாறு அது. வேலை முடிந்த பிறகுதான் அறுவை சிகிச்சை, அதன் பிறகுதான் ஊருக்கே செய்தி தெரிந்தது. பாட்டியைப் பற்றி, ஓடிப்போன அப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் மேடையில் கொட்டிய மனிதர் இதை மட்டும் உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். மனசில் பட்ட அடியைச் சொல்லிவிடலாம், உடம்பு கைவிடுவதைச் சொல்வதுதான் கஷ்டம். சம்பாதிக்கிற ஆண் என்றால் இன்னும் கஷ்டம்.

ஆனால் பிற்பாடு சொன்னார். சிறுநீரக விழிப்புணர்வுக்காக நாடு முழுவதும் பேசினார். சிறுநீரக நோயுள்ள குழந்தைகளைக் கோடை முகாமுக்கு அழைத்துப் போகிறது அவருடைய அறக்கட்டளை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் லத்தீனோக்களிடம் பரவலாக இருப்பதால் சிறுநீரகம் செயலிழப்பதும் அவர்களிடம் அதிகம். எங்கள் சென்டரின் நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தாலே தெரியும். அந்தக் குடும்பங்களிலும் நோயைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு என்ன நோய் என்பதே சாவுக்குப் பிறகுதான் தெரிந்ததாம்.

"லோபஸ் டிவியில சொன்ன பிறகுதான் நான் டாக்டர்கிட்ட போனேன்" என்றார். இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

நவம்பர் 23, புதன்

நாளை தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. அதனால் வியாழன் முறையை இன்றைக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் எனக்காகத் தமாலே கொண்டுவந்தார். அவர் மனைவி உப்பைக் குறைத்துச் செய்தது. வீட்டில் வந்து பிரித்தேன். சோளமாவுக்குள் கறி வைத்து, காய்ந்த சோள மடலில் சுற்றி ஆவியில் வேக வைத்தது. மடலைப் பிரித்ததும் ஆவியோடு வந்த பச்சை வாசம், பூவரச இலையில் அம்மா தட்டும் கொழுக்கட்டையின் வாசம். அப்படியே கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மனைவிக்கு ரத்த வகை பொருந்திவிட்டது. அடுத்த பரிசோதனை டிசம்பரில். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நவம்பர் 24, வியாழன்

இரவு எட்டரைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் காலை பத்து மணி. பூஜையை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, எனக்கு இருக்கறது பிபி மட்டும் இல்லம்மா. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. ஏழெட்டு மாசமா டயாலிசிஸ் பண்ணிக்கிறேன்."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, "எந்தக் கையிலப்பா ஊசி குத்துறாங்க?" என்றாள்.

"இடது கை."

"காட்டு."

வீடியோவைப் போட்டுக் காட்டினேன். தழும்புகள், வீங்கிய நரம்பு. தொட்டால் பூனை மாதிரி உறுமும் என்றேன். போனைக் கையோடு ஒட்டிப் பிடித்தேன், அந்தச் சத்தம் அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று. கேட்டதா தெரியவில்லை.

அம்மா அழுதாள். ஏன் அழுறே என்று நான் கேட்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடியே இருந்தேன்.