சிபில் அறிக்கையை வைத்துக் கடனாளியைத் தேடும்போது

தவணை நின்று மூன்று மாதம் ஆகிறது. பதிவான எண் ஸ்விட்ச் ஆஃப். களத்துக்குப் போனவர் ‘வீடு பூட்டிக் கிடக்கிறது, காலி செய்துவிட்டார்கள்’ என்று எழுதிவிட்டு வருகிறார். அடுத்து வசூல் பிரிவில் எல்லோரும் செய்வது சிபில், அதாவது அவருடைய கடன் வரலாற்று அறிக்கை, எடுப்பது. நாலைந்து கைபேசி எண், ஆறேழு முகவரி வந்து விழும். மேலிருந்து கீழே வரிசையாக எல்லா எண்ணுக்கும் போன் போடத் தொடங்குவார்கள். பெரும்பாலான வம்பு இங்கேதான் பிறக்கிறது. அறிக்கையில் இருப்பவை பல கடன் நிறுவனங்கள் பல காலத்தில் எழுதி அனுப்பிய தகவல்கள். ஒவ்வொரு வரியையும் ‘எப்போது வந்தது, எந்த வழியாக வந்தது’ என்று கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் யார் எடுக்கலாம் என்பது. பேச்சு வழக்கில் எல்லாமே சிபில்தான் என்றாலும் இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உண்டு. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வங்கி, நிதி நிறுவனம் போன்ற அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே இவை இன்னொருவரின் அறிக்கையைத் தரலாம். கைமாற்றாகப் பணம் கொடுத்தவர், சரக்கைக் கடனுக்குக் கொடுத்த வியாபாரி, வாடகை பாக்கி நிற்கும் வீட்டுக்காரர் ஆகியோருக்கு இந்தக் கதவு திறக்காது. வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் மூலம் ‘ஒரு தடவை பார்த்துச் சொல்லு’ என்பதும் சட்டப்படி அத்துமீறல்தான்; நண்பரின் வேலையே போகலாம்.

எடுக்கும்போது நோக்கத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இருக்கும் கணக்கின் மறுஆய்வு என்று போடாமல் புதுக் கடன் என்று போட்டுவிட்டால், அவர் கேட்காத கடனைக் கேட்டதாக அவருடைய அறிக்கையில் பதிவாகும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2024 ஏப்ரல் முதல், நிறுவனம் ஒன்று அறிக்கையை எடுத்தால் சம்பந்தப்பட்டவருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போகவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாம் தேடுவது அவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே தேட வேண்டும்.

அறிக்கை வந்ததும் எண்ணைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். தமிழ்ப் பெயர்களில் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ‘எஸ் முருகன்’, ‘முருகன் எஸ்’, ‘முருகன் சுப்பையா’ மூவரும் ஒருவராக இருக்கலாம்; மூன்று பேராகவும் இருக்கலாம். பள்ளிச் சான்றிதழுக்காக எழுதிய பிறந்த தேதி ஒன்று, வேறு அட்டையில் இருப்பது ஒன்று என்றும் வரும். இப்படிப்பட்ட கோப்புகளில் இரண்டு பேரின் கணக்குகள் ஒன்றாய்க் கலந்துவிடுவதுண்டு. பான் எண் பொருந்துகிறதா, நம் கடன் அந்த அறிக்கையில் அதே தொகையோடும் அதே தொடக்கத் தேதியோடும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடனே அதில் இல்லையென்றால் அது வேறொருவரின் கோப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், அங்கேயே நிறுத்துங்கள். வாங்காத கடனுக்காக ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பதைவிட ஒரு கணக்கு வசூலாகாமல் கிடப்பது மேல்.

இப்போது முகவரிப் பகுதி. ஒவ்வொரு முகவரிக்கும் வகையும் (நிரந்தரம், குடியிருப்பு, அலுவலகம்) பதிவான தேதியும் இருக்கும். சில வரிகளுக்கு மேலே சிறியதாக ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும். யாரோ ஒரு நிறுவனம் அறிக்கை கேட்டபோது கொடுத்த விவரம் அது என்று அதற்குப் பொருள்; கடன் கணக்கோடு சேர்ந்து வந்தது அல்ல. இதில் நல்லதும் உண்டு, பொறியும் உண்டு. அவர் போன மாதம் வேறு எங்கோ கடன் கேட்டு எழுதிக் கொடுத்த புது எண்ணாக அது இருக்கலாம். நாமே நம் கோப்பில் இருந்த அவருடைய பழைய எண்ணை இட்டுத் தேடியதன் எதிரொலியாகவும் இருக்கலாம். அதனால் புதிய தேதி போட்ட எண்ணைக் கண்டதும் துள்ளாமல், நாம் அறிக்கை எடுத்த தேதிகளோடு ஒப்பிடுங்கள். தேதியும் எண்ணும் ஒத்துப்போனால் அது நாம் இட்ட பழைய எண்தான்.

விசாரணைப் பகுதியை வசூல்காரர்கள் பலர் புரட்டுவதே இல்லை. என் பார்வையில் அறிக்கையிலேயே அதிகம் பேசும் பக்கம் அது. எந்தத் தேதியில், எதற்காக, எவ்வளவு கடன் கேட்டார் என்று அதில் இருக்கும். மற்ற நிறுவனங்களின் பெயர் நமக்குத் தெரியாது. ‘வெளியிடப்படவில்லை’ என்றுதான் வரும். பெயர் இல்லாமலே விஷயம் புரியும். இரண்டு மாதத்துக்கு முன் இருசக்கர வாகனக் கடன் கேட்டு, அது புதுக் கணக்காகவும் திறந்திருந்தால், அந்தச் சமயத்தில் சேர்ந்த முகவரி அண்மையில் ஒருவர் சரிபார்த்த முகவரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே வாரத்தில் ஏழெட்டுச் சிறு தனிநபர் கடன் கேட்டிருந்தால் மனிதர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது டிபிடி, அதாவது தவணை தவறிய நாள்கள், 36 மாதம் வரை மாதவாரியாக இருக்கும் கட்டங்கள். நம் கணக்கில் மட்டும் 90-ஐத் தாண்டி, மற்றவற்றில் பூஜ்யம் பூஜ்யமாகப் போனால், பணம் இருக்கிறது. நம்மோடு ஏதோ தகராறு. வட்டிக் கணக்கா, ரசீது கொடுக்காத வசூலா என்று நம் கோப்பைத்தான் முதலில் புரட்ட வேண்டும். எல்லாக் கணக்கும் ஒரே மாதத்தில் விழுந்திருந்தால் அந்த மாதத்தில் வேலை போயிருக்கலாம், நோய் வந்திருக்கலாம், சாவுகூட நடந்திருக்கலாம். அந்த வீட்டுக்குப் பேசும் முதல் வாக்கியமே வேறாக இருக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் நிறுவனங்கள் 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்புகின்றன. அனுப்ப இன்னும் சில நாள் ஆகும். நேற்றுக் கட்டியது இன்று அதில் இருக்காது.

அறிக்கை சொல்லாதவையும் உண்டு. வங்கி இருப்பு, நகை, நிலம் எதுவும் அதில் கிடையாது. வேலை, வருமான விவரம் இருந்தாலும் கடன் வாங்கிய நாளில் எழுதியதாகவே இருக்கும். அதை நம்பிச் சம்பளத்தைக் கணக்கிடக் கூடாது.

அழைக்கும்போது: துண்டிக்கப்பட்ட கைபேசி எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போய்விடலாம். அதனால் எதிர்முனையில் இருப்பவர் அவர்தான் என்று உறுதியாகும்வரை ‘கடன்’, ‘தவணை’, ‘பாக்கி’ என்ற சொற்களே வாயில் வரக் கூடாது. “வணக்கம்ங்க, முருகன் சார்கிட்ட பேசணும், இருக்காங்களா?” அவ்வளவுதான். ‘அவர் இல்லை, என்ன விஷயம்?’ என்றால் உங்கள் பெயரையும் எண்ணையும் சொல்லித் திருப்பி அழைக்கச் சொல்லுங்கள். ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்றால் மன்னிப்புக் கேட்டு, அந்த எண்ணை அன்றே கோப்பில் தடை செய்யுங்கள். செய்யாவிட்டால் மறுநாள் வேறு ஊழியர் அதே ஆளை எழுப்புவார். ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. குடும்பத்தார், நண்பர்கள், பரிந்துரையாளர்களின் அந்தரங்கத்தில் தலையிடவும் கூடாது.

வெளி ஏஜென்சிக்கு முழு அறிக்கையை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது இன்றும் நடக்கிறது. கூடவே கூடாது. அவர்களுக்கு வேண்டியது சரிபார்த்த ஒரு எண்ணும் ஒரு முகவரியும், நம் பாக்கித் தொகையும். அவர் வேறு எங்கெல்லாம் கடன் வாங்கினார் என்பது தெருவில் போகும் மனிதருக்கு எதற்கு?

ஆள் கிடைக்கவில்லையென்றாலும் காலம் நிற்காது. சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. அதற்குள் அவர் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ, முறைப்படி பதிவான ஒரு பகுதித் தொகை கட்டினாலோ கணக்கு புதிதாகத் தொடங்கும். வக்கீல் நோட்டீஸை ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கும், அறிக்கையில் கிடைத்துச் சரிபார்த்த முகவரிக்கும் சேர்த்தே பதிவுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்பி, திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.

பணம் வந்ததும் வேலை முடிந்துவிடாது. கணக்கு முடிந்தது என்று நான்கு நிறுவனங்களுக்கும் தகவல் போக வேண்டும். முழுத் தொகையும் கட்டியவருக்கு ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தார்) என்று விழுந்துவிட்டால் அடுத்த கடனுக்கு அவர் அலைய வேண்டியிருக்கும். அவர் புகார் கொடுத்து 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அந்த 30 நாளில், திருத்தத்தை அனுப்பக் கடன் கொடுத்த நிறுவனத்துக்குக் கிடைப்பது முதல் 21 நாள்.