பப் வேலை இண்டர்வியூவுக்கு என்ன போட்டுக்கொண்டு போவது?

பிரிட்டனுக்குப் படிக்க வந்த இடத்தில் பகுதி நேர வேலைக்காக ஒரு பப்பில் இண்டர்வியூ கிடைத்துவிட்டால், பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கும் கோட் சூட்டைத்தான் நம்மில் பலரும் முதலில் எடுப்பார்கள். வேண்டாம். அதைப் பட்டமளிப்பு விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பப்பில் உங்களைப் பார்க்கப்போகிறவர் பெரும்பாலும் அந்தக் கடையின் மேனேஜரேதான். பீர் பீப்பாய் மாற்றுவது, கண்ணாடி கழுவும் மெஷினைச் சுத்தம் செய்வது எல்லாம் அவர் வேலையிலும் உண்டு. உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவார்: வெள்ளிக்கிழமை இரவு கூட்டம் நெருக்கும்போது இந்தப் பிள்ளையை கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தலாமா? சூட்டில் போய் உட்கார்ந்தால் அந்தக் காட்சியை அவரால் கற்பனை செய்யவே முடியாது. வேறு நல்ல வேலை கிடைத்ததும் ஓடிவிடுவார் என்றும் தோன்றும்.

அங்கே வேலை செய்பவர்கள் போட்டிருப்பதைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும். அவர்கள் டி-ஷர்ட் என்றால் நீங்கள் காலர் வைத்த சட்டை. அவர்கள் சட்டை என்றால் நீங்கள் நன்றாக இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவும். இரண்டு படி ஏறினால் அந்நியமாகத் தெரிவீர்கள்.

அதற்கு முதலில் அவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். இணையத்தில் இருக்கும் படங்களை நம்பாதீர்கள். அவை கடை திறந்த நாளில் எடுத்தவையாக இருக்கலாம். முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ நேரில் போய் ஒரு எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். வார நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஐந்து மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது. கீழிருந்து மேலாகக் கவனியுங்கள்: எல்லோரும் கறுப்பு ஷூவா, கலர் ஸ்னீக்கரும் உண்டா? ஜீன்ஸா, பேண்டா? ஏப்ரன் இருக்கிறதா? மேலே பப்பின் பெயர் போட்ட டி-ஷர்ட்டா, அவரவர் சொந்தச் சட்டையா? பச்சை குத்திய கை, மூக்குத்தி, கலர் அடித்த முடி தெரிகிறதா? இவ்வளவும் பார்த்தாகிவிட்டால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும்.

பப் என்றால் எல்லாம் ஒன்றில்லை. தெருமுனையில் ஐம்பது வருட வாடிக்கையாளர்கள் உட்காரும் பழைய பப்பில் கறுப்பு ஜீன்ஸும் சுத்தமான சட்டையும் தாராளம். சாப்பாட்டுக்குப் பெயர் வாங்கிய கேஸ்ட்ரோ பப் பாதி உணவகம் மாதிரி. அங்கே ஜீன்ஸைத் தவிர்த்து அடர்நிறக் காட்டன் பேண்டுக்குப் போவது நல்லது. கால்பந்து காட்டும் ஸ்போர்ட்ஸ் பப்பில் உடை ரொம்பச் சாதாரணம்தான், ஆனால் எந்த அணியின் ஜெர்ஸியும் வேண்டாம். நகரத்தில் இரண்டு அணி இருந்தால் நிறத்திலேயே பகை இருக்கும். மைதானத்தை ஒட்டிய சில பப்களில் ஆட்ட நாளன்று எதிரணி ரசிகர்களை உள்ளேயே விடமாட்டார்கள். பெரிய எழுத்தில் வாசகம் போட்ட டி-ஷர்ட், இன்னொரு பீர் கம்பெனியின் பெயர் போட்ட டி-ஷர்ட் இவையும் அதே கணக்கில் சேரும்.

அழைப்பு மெயிலில் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று போட்டிருந்தால் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. காலர் வைத்த சட்டை, கிழிசல் இல்லாத அடர்நிறப் பேண்ட், மூடிய ஷூ, டை கிடையாது. அவ்வளவுதான்.

கீழே கறுப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கலாம். வேலை கிடைத்தாலும் அதே கறுப்பு பேண்டைத்தான் தினமும் போடச் சொல்வார்கள். மேல்சட்டையை மட்டும் கடையே கொடுப்பது பல இடங்களில் வழக்கம். ஒன்றைக் கவனியுங்கள்: பல தடவை துவைத்த கறுப்பு, அறைக்குள் கறுப்பாகத் தெரிந்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் பழுப்பாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முழங்கால் இரண்டும் வெளுத்திருந்தால் அது வேலைக்கு ஆகும், இண்டர்வியூவுக்கு ஆகாது.

சட்டை நிறத்தில் அடர்நீலம், கறுப்பு, அடர்பச்சை போன்றவை பாதுகாப்பானவை. வெளிர்நீலமும் சாம்பலும் வியர்வையை ஊருக்கே காட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து, சூடேற்றிய பப்புக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் அக்குளில் வட்டம் தெரியும். வெள்ளை கெட்டதில்லை. ஆனால் துணி மெலிதாக இருந்தால் உள்பனியனின் விளிம்பு தெரியும், காலரின் உள்பக்கம் மஞ்சள் படிந்திருந்தால் அதுவும் தெரியும்.

மேல் பட்டன் ஒன்றை மட்டும் திறந்து விடுங்கள். இன் பண்ணுவதா வெளியே விடுவதா என்பதைச் சட்டையே சொல்லும். அடிவிளிம்பு முன்னும் பின்னும் நாக்குப் போல வளைந்து இறங்கினால் அது இன் பண்ணுவதற்காக வெட்டிய சட்டை. நேர்க்கோடாக முடிந்து ஜிப்பின் பாதி வரை வந்தால் வெளியே விடலாம். நீளச் சட்டையை வெளியே விட்டால் எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் தூங்கி எழுந்து வந்த தோற்றம்தான்.

முழுக்கைச் சட்டை போடுங்கள், ஆனால் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பார் வேலை தெரிந்தவர்கள் இதைக் கவனிப்பார்கள். பீர் ஊற்றும் குழாய்க்குக் கீழே வழிசல் பிடிக்கும் தட்டு இருக்கும். பட்டன் போட்ட கைநுனி அதில் தோய்ந்து கொண்டே இருக்கும். கை பம்பை இழுத்து ஊற்றும் கேஸ்க் பீர் இருக்கும் இடத்தில் இன்னும் மோசம். கைநுனியை அதன் அகலத்துக்கே இரண்டு தடவை மடித்தால் நழுவாமல் நிற்கும். சுருட்டிச் சுருட்டி மேலே ஏற்றினால் பேசும்போதே இறங்கிவிடும்.

இஸ்திரியில் பலரும் முதுகையும் மார்பையும் தேய்த்துவிட்டுக் காலரை விட்டுவிடுகிறார்கள். மேஜைக்கு எதிரே இருப்பவருக்குத் தெரிவதே காலரும் பட்டன் பட்டியும்தான். காலரை முனையிலிருந்து நடுவை நோக்கித் தேயுங்கள். நடுவிலிருந்து முனைக்குத் தேய்த்தால் துணி தள்ளிக்கொண்டு போய் முனையில் மடிப்பு விழும். அடுத்து பட்டன் பட்டி, கைகள், கடைசியில் உடம்பு. கறுப்புத் துணியை உள்பக்கம் வெளியே திருப்பித் தேயுங்கள், இல்லாவிட்டால் தையல் ஓரங்களில் பளபளப்பு ஏறும், ஏறினால் போகாது. துணி லேசாக ஈரமாக இருக்கும்போதே தேய்த்தால் வேலை பாதி. பஞ்சு, முடி ஒட்டியிருந்தால் அகலமான செலோடேப்பைக் கையில் தலைகீழாகச் சுற்றி ஒற்றி எடுங்கள்.

காசு செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஷூவுக்குச் செலவழியுங்கள். கவுண்டருக்குப் பின்னால் தரை எப்போதும் ஈரம்: சிந்திய பீர், உருகிய ஐஸ், கண்ணாடி கழுவும் மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீர். வழவழப்பான தோல் அடி வைத்த திருமண ஷூ அங்கே சறுக்கும். ஓடுவதற்கான வலை மேல்துணி ஷூவில் பீர் நேராகக் காலுறைக்குள் இறங்கும், உடைந்த கண்ணாடிச் சில்லும் குத்தும். கேன்வாஸும் அப்படியே. தேவை: கறுப்பு, தோல் அல்லது துடைத்தால் போகிற மேல்பகுதி, ரப்பர் அடி, அடியில் நெருக்கமான சிறு பள்ளங்கள். அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் ஈரத்தில் பிடிக்காது. சறுக்காத அடி என்று பெட்டியிலேயே போட்டு விற்கும் வேலை ஷூக்கள் உண்டு. அதில் சாதாரண ஷூ போலத் தெரிகிற மாடலாக வாங்கினால் இண்டர்வியூவுக்கும் வேலைக்கும் ஒன்றே போதும். புது ஷூவை நேராக இண்டர்வியூவில் இறக்காமல் வீட்டுக்குள் இரண்டு மூன்று நாள் போட்டு நடந்து பழக்குங்கள். பாலிஷ் போடும்போது மேல்பகுதியோடு நிறுத்தாமல், மேலும் அடியும் சேரும் ஓரத்தில் படியும் சேற்றைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள்.

காலுறை நீளமான கறுப்பு. இது அற்ப விஷயமாகத் தோன்றும். பப்பில் பலசமயம் உயரமான ஸ்டூலில் உட்கார வைத்துப் பேசுவார்கள், அதில் ஏறினால் பேண்ட் கணுக்காலுக்கு மேலே வெகுதூரம் ஏறிவிடும். வெள்ளை விளையாட்டுக் காலுறை அப்போது பளிச்சென்று தெரியும். குட்டைப் பாவாடை போட்டவர்களுக்கும் இந்த ஸ்டூல்தான் தொல்லை.

பெண்களுக்கும் மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும். கழுத்து எவ்வளவு இறங்கலாம் என்ற குழப்பத்துக்கு எளிய சோதனை உண்டு: கண்ணாடி முன் நின்று, கவுண்டருக்கு அடியில் இருக்கும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து பாட்டில் எடுப்பதுபோலக் குனியுங்கள். அப்போது சங்கடமாக இருந்தால் வேறு சட்டை. இடுப்பளவில் முடிகிற குர்த்தி, கறுப்பு பேண்ட்டோடு அழகாகவும் இருக்கும், வேலைக்கும் ஆகும். முழங்கால் வரை தொங்குகிற குர்த்தி ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டும். துப்பட்டாவை வீட்டில் விடுங்கள். ஹிஜாப் அணிபவர்கள் முனைகளை உள்ளே செருகிக் கட்டினால் போதும். பொட்டு, மூக்குத்தி, சின்னத் தோடு இவற்றைக் கழற்றத் தேவையில்லை. தொங்கும் ஜிமிக்கியும் கண்ணாடி வளையலும் வேண்டாம். வளையல் உடைந்து ஐஸ் பெட்டிக்குள் விழுந்தால் மொத்த ஐஸையும் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவித்தான் ஆக வேண்டும், மேனேஜருக்கு அந்த நினைவு கட்டாயம் வரும். தாலியையோ நீளச் சங்கிலியையோ உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். நீள முடியைப் பின்னால் இறுக்கிக் கட்டுங்கள்.

கையைத்தான் அதிகம் பார்ப்பார்கள், ஆணோ பெண்ணோ. அடுத்தவர் வாய் வைக்கும் கிளாஸைப் பிடிக்கும் கை அது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பாதி உரிந்த நெயில் பாலிஷைவிட ஒன்றுமே இல்லாத நகம் மேல்.

வாசனை விஷயத்தைக் கொஞ்சம் பேசித்தான் ஆக வேண்டும். பகிர்ந்து தங்கும் வீட்டில் சமையலறையும் கூடமும் ஒன்றாக இருக்கும். தாளிப்பு வாசம் முதலில் ஏறுவது கோட்டில்தான், அதைத் துவைப்பதும் அபூர்வம். கோட்டை உங்கள் அறைக்குள், கதவை மூடி மாட்டுங்கள். முந்தின நாள் ஜன்னலைத் திறந்து காற்றாட விடுங்கள். மூடிய அறைக்குள் மெதுவாகக் காய்ந்த துணிக்கு ஒரு புழுக்க வாடை வரும், போட்டிருப்பவருக்கு அது தெரியாது. சந்தேகம் இருந்தால் மறுபடி துவைத்து, விரித்துக் காயப்போடுங்கள். இதையெல்லாம் சென்ட் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். பீர் கெட்டுவிட்டதா என்று மோந்து பார்த்துத்தான் சொல்வார்கள், பக்கத்தில் நிற்பவரின் சென்ட் அதைக் கெடுக்கும். டியோடரண்ட் போதும்.

உடை முடிவானதும் முந்தின இரவு எல்லாவற்றையும் போட்டு மூன்று அசைவு செய்து பாருங்கள். தலைக்கு மேலே தொங்கும் கிளாஸை எடுப்பதுபோல இரண்டு கையையும் தூக்குங்கள்: சட்டை வெளியே வந்து வயிறு தெரிகிறதா? முழுக்கக் குத்துக்காலிட்டு உட்காருங்கள்: பேண்ட் பிடிக்கிறதா, பின்னால் இறங்குகிறதா? கனமான பெட்டியைத் தூக்குவதுபோலக் கையை முன்னால் கொண்டுவாருங்கள்: முதுகில் தையல் இழுக்கிறதா? சில இடங்களில் பேசி முடித்த கையோடு 'ஒரு பைண்ட் (ஒரு பெரிய கிளாஸ் பீர்) ஊற்றிக் காட்டு' என்று கவுண்டருக்குப் பின்னால் கூப்பிடுவார்கள்.

நனைந்த கோட்டோடு மேஜைக்குப் போகாதீர்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய் வாசலிலேயே கழற்றிக் கையில் மடித்துக்கொள்ளுங்கள். உள்ளே சூடாக இருக்கும், அதனால் தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட, கழற்றக்கூடிய மெல்லிய ஸ்வெட்டர் நல்லது. முதுகுப் பையில் புத்தகமெல்லாம் வேண்டாம். பயோடேட்டா ஒரு பிரதி, பேனா, பாஸ்போர்ட், வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்க அரசு இணையதளத்தில் எடுக்கும் ஷேர் கோட் (share code) போதும். அந்த ஷேர் கோட் 90 நாள் செல்லும், 'W' எழுத்தில் தொடங்கும். ஸ்டூடண்ட் விசாக்காரர்கள் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறை வேலைக்கு என்றால் இன்னும் எளிது: டி-ஷர்ட்டே போதும், ஆனால் மோதிரம், வாட்ச், நெயில் பாலிஷ் எதுவும் கூடாது. கல் வைக்காத ஒற்றைத் திருமண மோதிரத்தை மட்டும் பெரும்பாலும் விடுவார்கள்.

பேசி முடித்து ட்ரையல் ஷிஃப்டுக்கு, அதாவது வேலை செய்து காட்டும் சோதனைக்கு, வரச் சொன்னால், எழுந்து வருவதற்குள் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: எவ்வளவு நேரம், அதற்குச் சம்பளம் உண்டா, என்ன போட்டு வர வேண்டும்? 'முழுக் கறுப்பு' என்றால் ஷூவின் அடியும் சின்ன லோகோவும்கூடக் கறுப்பாக வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது, சில கடைகளில் அவ்வளவு கறார். வேலை கிடைத்தபின் யூனிஃபார்முக்குச் சம்பளத்தில் பிடித்தால், பிடித்தது போக மிஞ்சுவது சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. முதல் சம்பளச் சீட்டு வந்ததும் அந்த வரியைப் பாருங்கள்.